மெஷின் இல்லாமல் விழுந்த படம்

என் மாமனாருக்கு என்னைப் பிடிக்காது. கல்யாணப் பந்தியிலேயே அதை ஊரறியச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று பக்கத்து இலைக்காரர் கேட்டதற்கு, "படம் புடிக்கிறாராம்" என்றார்.

"எந்த ஸ்டூடியோவுல?"

"எலும்பைப் புடிக்கிற ஸ்டூடியோ" என்று சொல்லிவிட்டு, ரசத்துக்குச் சோற்றில் குழி பண்ணினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புது மாப்பிள்ளை வேறு என்ன செய்ய முடியும்?

எனக்கும் அவரைப் பிடிக்காது. சின்னமனூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். அதற்கு முன் பட்டாளத்தில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிப் பக்கம் போய், மண்டையில் குண்டுச் சில்லு பட்டு, மாதக்கணக்கில் வெள்ளைக்கார ஆஸ்பத்திரியில் கிடந்து ஊர் திரும்பியவர். திரும்பி முப்பது வருஷம் ஆகியும் அந்தச் சண்டையை அவர் நிறுத்தவில்லை. கொடிக்காலுக்குக் கூலிக்கு வருகிறவர்கள்கூட வாரத்துக்கு ஒருமுறை அதைக் கேட்டாக வேண்டும். அவருடைய கழுத்தில் வலது பக்கம், தாடைக்குக் கொஞ்சம் கீழே, கொட்டைப்பாக்கு அளவில் கெட்டியாக ஒரு கட்டி இருந்தது. வீட்டுக்கு வருகிற எல்லாரையும் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்.

"பயப்படாம தொடுங்க. ஜெர்மன்காரன் குண்டு. இன்னும் உள்ளதான் உக்காந்திருக்கு."

தொடத் தயங்குகிறவர்களை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் நானும் தொட்டுப் பார்த்தேன். குண்டு மாதிரித் தெரியவில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

நான் வேலை பார்த்தது தேனியில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மதுரையில் எக்ஸ்ரே படிப்பை முடித்துவிட்டு வந்து சேர்ந்திருந்தேன். எங்கள் மெஷின் எனக்கு முன்னால் இரண்டு ஆஸ்பத்திரிகளில் உழைத்து ஓய்ந்தது. சுற்று வட்டாரத் தோட்டங்களில் பம்புசெட் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். அப்போது எடுத்த படங்களில் எலும்பெல்லாம் பனிக்குள் நிற்கிற மாடு மாதிரித்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியின் முதலாளியான டாக்டர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதை அவர் பார்க்கிற அழகுதான் அவருக்கு முக்கியம். படம் பார்க்கவென்று வெளிச்சப் பெட்டி இருக்க, ஈரம் சொட்டும் படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். நோயாளியின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உள்ளே வந்து நிற்கும்வரை பேசாமல் இருப்பார். பிறகு, "ம்ம்" என்பார். கம்பத்திலிருந்தும் கடமலைக்குண்டிலிருந்தும் ஜனங்கள் பஸ் ஏறி வந்தது அந்த "ம்ம்"முக்காகத்தான். ஒருமுறை நெஞ்சுப் படத்தை முன்பின்னாகப் பிடித்துக்கொண்டு, இந்த ஆளுக்கு இதயம் வலது பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு குடும்பத்தையே கதறவிட்டார். நான் போய்ப் படத்தை வாங்கித் திருப்பிக் கையில் கொடுத்தேன். அன்றிலிருந்து அவருக்கும் என்னைப் பிடிக்காது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் என் மாமனார் ஒருநாள் வலது பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். என் மனைவி இழுத்து வந்திருந்தாள். கிட்னியில் கல்லாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார். வயிற்றை ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

"மூச்சைப் பிடிங்க மாமா."

"தண்ணிக்குள்ள மூச்சு புடிச்சவன் மாப்ளே நான். நீங்க ஆற அமர எடுங்க."

எடுத்தேன். இருட்டறைக்குள் போய், சிவப்பு விளக்கில் படத்தை டெவலப்பர் கரைசலில் முக்கினேன். சாதாரண வயிற்றுப் படத்தில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும்தான் வெள்ளையாகத் தெரியும். கல்லீரல், மண்ணீரல், குடல் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து ஒரே சாம்பலாகத்தான் கிடக்கும். இரைப்பையைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் பேரியம் மாவைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்போம். அது எக்ஸ்ரேயை மறித்துக்கொள்வதால் போன வழியெல்லாம் வெள்ளையாக விழும். அன்று மாமனாருக்கு நான் எதையும் கொடுக்கவில்லை. ஆனால் படம் கறுக்கக் கறுக்க, இடது விலாவுக்குக் கீழே ஒன்று மட்டும் கறுக்க மறுத்தது. மண்ணீரல். சுண்ணாம்பில் முக்கி எடுத்த மாதிரி முழுசாக வெள்ளை. வலது பக்கம் கல்லீரல், வெள்ளை நூலில் பின்னிய வலை மாதிரி. முதுகெலும்பை ஒட்டி நாலைந்து வெள்ளைப் பொட்டுகள். எலும்பே அவற்றுக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரிந்தது.

நான் அப்படி ஒரு படத்தைப் பார்த்ததில்லை. டாக்டரும் பார்த்ததில்லை. ஆனால் அவர் அதை ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

"யாருய்யா இவருக்குப் பேரியம் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கல சார்."

"அப்ப ஃபிலிம் வச்ச கேசட்டுல அழுக்கு. ஃபிலிமை வீணாக்கிட்டே. மறுபடி எடு."

மறுபடி எடுத்தேன். அதே வெள்ளை. டெவலப்பர் பழசு என்றார். புதிதாகக் கரைத்து மூன்றாவதாக எடுத்தேன். அதே வெள்ளை. அதற்குள் என் மனைவியின் சித்தப்பா, கொடிக்கால் பங்காளி, கூட வந்த இரண்டு பெண்கள் எல்லாரும் அறைக்குள் வந்து நின்றுவிட்டார்கள். டாக்டர் இனிமேல் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். மாமனாரின் வாயைப் பார்த்தார். சிவந்திருந்தது.

"ம்ம்" என்றார். "ஒரு நாளைக்கு எத்தனை வெத்தலை போடுவீங்க?"

"கணக்கு வச்சதில்ல. நம்ம கொடிக்கால்தான?"

"அதான். அத்தனை சுண்ணாம்பும் ஈரல்ல போயிப் படிஞ்சிருக்கு. இதோ பாருங்க, வெள்ளையா. இன்னையோட வெத்தலையை விடணும்."

கல்லீரலில் போய்ச் சுண்ணாம்பு படியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, குடும்பம் நடத்த அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது. பஸ் சின்னமனூர் போய்ச் சேரும் முன்பே சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. வெற்றிலை விளைகிற ஊரில், வெற்றிலை போட்டு ஈரல் வெள்ளையடித்துப்போன ஆள் என்று அவருக்குப் பேர் ஆனது. வழியில் பார்க்கிறவர்கள், "ஈரலுக்கு மறுபூச்சு எப்ப?" என்று கேட்டார்கள். இத்தாலி போய் வந்த மனிதர் கொடிக்காலைவிட்டு வெளியே வருவதையே குறைத்துக்கொண்டார். வெற்றிலையை விட்டுவிட்டார். வலி விடவில்லை.

அடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்குக் காரில் வருகிற ஸ்பெஷலிஸ்டிடம் காட்டினோம். காலையிலிருந்து மதியம்வரை தேனிக்காரர்களின் உடம்புகளை வரிசையாகப் பார்த்துத் தள்ளிவிட்டுச் சாப்பிடப் போகிறவர் அவர். படத்தை அவர் பார்த்தது ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான்.

"டிபி. மண்ணீரல் டிபி. ஆறிப்போய் இறுகியிருக்கு. ஊசி போட்டாகணும்."

ஆறிப்போனதற்கு ஏன் ஊசி என்று இந்தத் தடவை கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்து, "இவர் யாரு?" என்றார். "எக்ஸ்ரே பையன்" என்றார் டாக்டர். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயசு.

ஊசி மாதக்கணக்கில் போனது. மாமனாருக்குக் காதில் வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் ஆரம்பித்தது. நடக்கும்போது தள்ளாடினார். பிறகு நாங்கள் பேசுவது பாதிதான் கேட்டது. அந்த ஊசிக்கு அப்படி ஒரு குணம் உண்டென்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஸ்பெஷலிஸ்டுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். வயசானால் காது மந்தமாவது சகஜம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

ஃபிலிம் வாங்க மாதம் ஒருமுறை நான் மதுரை போவதுண்டு. ஒரு தடவை அந்தப் படத்தையும் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து நோய் சொல்லும் டாக்டரம்மா ஒருவரை எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் படித்த காலத்தில் எங்களுக்குப் பரீட்சை வைக்க வந்தவர். கடுகடுவென்று இருப்பார். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்.

"இவரு பட்டாளத்துல இருந்தவரா?"

"ஆமா மேடம்."

"சண்டையில தலையில அடி?"

"ஆமா."

"கழுத்துல கட்டி ஏதும் இருக்கா?"

குண்டுக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். ஒரு டாக்டர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் சொன்னது இதுதான். தலைக்குள் ஓடுகிற ரத்தக்குழாய்கள் எக்ஸ்ரேயில் தெரியாது. தெரியவைக்க எக்ஸ்ரேயை மறிக்கிற எதையாவது ரத்தத்தில் கலக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கென்று ஒரு மருந்து இருந்தது. தோரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு. அதைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடித்து, அடியில் தங்கிவிடாதபடி திரவத்தில் மிதக்கவிட்டு, கழுத்து ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். படம் கண்ணாடி மாதிரி விழும். ஊசி போட்டதும் நோயாளி அலறவில்லை, வாந்தி எடுக்கவில்லை, ஜன்னி காணவில்லை. அதனால் ரொம்பப் பாதுகாப்பான மருந்து என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஊசி போட்ட அன்று சாயங்காலம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிற பாதுகாப்பு. தோரியம் தானாகவே கதிர் வீசுகிற பொருள் என்பது அந்த மேதைகளுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆபத்து என்று அப்போதே எச்சரித்தவர்களும் இருந்திருக்கிறார்கள். படம் நன்றாக விழுந்தது, அவ்வளவுதான்.

"அந்தப் பொடி எங்கயும் போகாது" என்றார் டாக்டரம்மா. "ரத்தத்துல வர்ற குப்பையைப் புடிச்சு வைக்கிறது ஈரலும் மண்ணீரலும்தான். அதுக இதையும் புடிச்சு வச்சுக்கிருச்சு. ஊசி போட்டப்ப கழுத்துல கொஞ்சம் வெளிய கசிஞ்சிருக்கும். அதுதான் கட்டி."

"எப்ப மேடம் வெளியேறும்?"

"வெளியேறாது."

"கதிர் குறையாதா?"

"அவரு, நீங்க, நான், இந்தக் கட்டடம் எல்லாம் போன பெறகும் அது அப்படியேதான் இருக்கும்."

தோரியம் எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டேன். நம் தெற்குக் கடற்கரை மணலில் நிறைய உண்டு என்றார். நம் ஊர் மணல் கப்பலேறிப் போய், மருந்தாகி, நம் ஊர்க்காரர் கழுத்து வழியாகத் திரும்பி வந்திருக்கவும் கூடும். அந்த யோசனையோடு பஸ்ஸில் உசிலம்பட்டி தாண்டும்வரை உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, பக்கத்தில் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

முதல் காரியமாக டிபி ஊசியை நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் போய் நின்றேன். முழுசாகக் கேட்டார். பிறகு, "மதுரையில ஒரு பொம்பள சொன்னாளாக்கும்" என்றார். அத்தோடு அவருடைய மருத்துவ ஆராய்ச்சி முடிந்தது. ஊசியை வீட்டில் நாங்களே நிறுத்திவிட்டோம்.

மாமனாரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. முதலில் கழுத்தை ஒரு படம் எடுத்தேன். குண்டு இருந்தால் வெட்டினாற்போல் விளிம்போடு விழும். இதில் சிந்திய சுண்ணாம்பு மாதிரி ஒழுங்கில்லாத ஒரு வெள்ளைத் தீற்றல். படத்தை எடுத்துக்கொண்டு சின்னமனூர் போனேன். ரகசியமாகச் சொல்ல வேண்டிய சேதி. ஆனால் கேட்கிறவர் காது அந்த நிலைமையில் இருந்தது.

"குண்டு இல்ல மாமா!"

"என்ன?"

"கழுத்துல குண்டு இல்ல! மருந்து!"

"பருந்தா?"

"மருந்து! ஆஸ்பத்திரியில ஏத்துன மருந்து கசிஞ்சு நிக்குது!"

எதிர்வீட்டு அம்மா முறத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார். தெரு முழுக்கக் கேட்டது. மாமனாருக்கும் இப்போது கேட்டுவிட்டது. ஈரலில் கதிர் வீசுகிற பொடி இருக்கிறது என்று நான் சொன்னதை அவர் பொருட்படுத்தவே இல்லை. குண்டு இல்லை என்பதுதான் அவரைக் குத்தியது.

"ஒங்க மெஷினு ஓட்டை மெஷினு. மூணு தடவ எடுத்தும் ஒழுங்கா விழுகல. அத வச்சு எங் குண்டை இல்லங்கிறீகளா?"

"மெஷின் இல்லாமலே காட்டுறேன்" என்று நானும் கத்தினேன்.

வீம்புக்குத்தான் சொன்னேன். ஆனால் அதற்கும் ஒரு வழியை டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். கேசட் என்பது ஃபிலிமை வெளிச்சம் படாமல் மூடி வைக்கிற தட்டையான உலோகப் பெட்டி. பெட்டியைத் துளைத்துக்கொண்டு கதிர் பட்டால்தான் உள்ளே இருக்கும் ஃபிலிம் கறுக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு கேசட்டுகளில் ஒரே பெட்டியிலிருந்து ஃபிலிம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றை மாமனாரின் வயிற்றில் வைத்துத் துண்டால் கட்டினேன். இன்னொன்றை என் வயிற்றில் கட்டிக்கொண்டேன். என்னைப் பொய்யனாக்கிவிடலாம் என்ற ஒரே ஆசையில் அவர் சம்மதித்தார். குளிக்கிற நேரம் போக இரண்டு நாள் இருவரும் அப்படியே இருந்தோம். என் மனைவி எங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். சோறு போடும்போது, "ரெண்டு பேரும் அரைஞாண் கொடியில தகரத்தைக் கட்டிக்கிட்டுத் திரியிறதப் பாரேன்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

திங்கட்கிழமை அவரை நானே தேனிக்கு அழைத்து வந்தேன். இருட்டறைக்குள் வெளியாளை விடக் கூடாது. விட்டேன். சிவப்பு விளக்கில் இருவரும் தொட்டியின் மேல் குனிந்து நின்றோம். என் ஃபிலிமை முதலில் முக்கினேன். பளிச்சென்று, ஒன்றும் விழாமல் இருந்தது. பிறகு அவருடையதை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் என்னைப் பார்த்து ஏளனமாகத் தலையை ஆட்டத் தொடங்கினார். அப்புறம், மழைக்கு முன் சுவரில் ஈரம் பரவுகிற மாதிரி, ஈரல் இருக்கிற பக்கம் சாம்பல் நிறம் ஏறியது. மண்ணீரல் பக்கம் இன்னொன்று. மெஷின் இல்லை, மின்சாரம் இல்லை. அவர் உடம்பே தன்னைப் படம் எடுத்திருந்தது.

தலையாட்டல் நின்றது. காது கேளாதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில் கேட்டார்.

"மாப்ளே, பாப்பா எம் வயித்துல படுத்துத் தூங்குமே?"

என் மகளைச் சொன்னார். அவளுக்கு அப்போது மூன்று வயசு. மத்தியானம் அவர் வயிற்றின் மேல் குப்புறப் படுத்தால்தான் தூக்கம் வரும் அவளுக்கு. எனக்கே தெரியாது. மதுரைக்குப் போய்க் கேட்டு வந்தேன். வெளியே வருகிற கதிர் ரொம்பக் கொஞ்சம், உள்ளே இருந்து தின்பதுதான் அதிகம், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா உறுதியாகச் சொன்னார். அதை அவரிடம் நான்கு தடவை கத்திச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குழந்தையை அவர் தூக்கவே இல்லை. அவள் ஓடி வந்தால் எழுந்து கொடிக்காலுக்குப் போய்விடுவார். தாத்தாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அவள் வளர்ந்த பிறகும் நம்பிக்கொண்டிருந்தாள்.

டாக்டரிடம் இரண்டு ஃபிலிம்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "கேசட்டுல லைட் லீக்" என்றார். லீக் என்றால் விளிம்பில் கறுப்பு விழும், இது விளிம்பைத் தொடாமல் உள்ளே விழுந்திருக்கிறதே சார் என்றேன். "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை இன்றுவரை நான் சொல்லவில்லை. வேலையை விட்டேன். சில மாதங்கள் கழித்து இன்னொரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அங்கும் மெஷின் பழசுதான். டாக்டர் மட்டும் வெளிச்சப் பெட்டியில் படம் பார்த்தார்.

இதற்குப் பிறகு மாமனார் எட்டு வருஷத்துக்கு மேல் இருந்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கினோம் என்று சொன்னால் பொய். ஆனால் சண்டைக் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். வெற்றிலையை மறுபடி ஆரம்பித்தார். "சுண்ணாம்பு இல்லேன்னு ஆகிப்போச்சுல்ல?" என்று கேட்டுவிட்டு ஒரு கவுளி வெற்றிலையைத் துடைத்து அடுக்கினார். அது ஒன்றுதான் நான் அவருக்குச் செய்து கொடுத்த உபகாரம். ஒருமுறை, என்ன தோன்றியதோ, இத்தாலியில் அந்த ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் நடந்ததைச் சொன்னார். கையைக் காலைக் கட்டிப் போட்டார்களாம். கழுத்தில் ஊசி இறங்கியதும் முகத்தின் ஒரு பக்கம் வெதுவெதுவென்று சூடேறியதாம்.

"என்ன ஏத்துறீகன்னு இங்கிலீசுல கேட்டேன் மாப்ளே. அந்த டாக்டரு சிரிச்சுக்கிட்டே தோள்ல தட்டுனாரு. நல்ல சிப்பாய்னாரு."

பதில் சொல்லவில்லை அந்த ஆள். சிப்பாய்க்குப் பதில் எதற்கு?

எண்பதுகளில் வயிறு உப்பியது. கண் மஞ்சளானது. வலது விலாவுக்குக் கீழே கல் மாதிரி தட்டுப்பட்டது. மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா மாற்றலாகிப் போயிருந்தார். ஈரலில் புற்று என்றார்கள். இளம் டாக்டர் ஒருவர், இவர் குடிப்பாரா என்று கேட்டார். பழைய படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் அக்கறையாகத்தான் கேட்டார். மற்ற டாக்டர்களையும் கூட்டிவந்து காட்டினார். மாமனாரின் கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று படத்தைப் பார்த்தது. ஒருவராவது படுத்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பத்து நாளில் போய்விட்டார்.

சாவுக்குத் தேனி டாக்டர் வந்திருந்தார். மாலை பெரியது. பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுற்றி நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் அன்னைக்கே சொன்னேன். வெத்தலையை விடச் சொன்னேன். கேக்கல." என் மனைவியின் சித்தப்பா ஆமோதித்துத் தலையாட்டினார். "டாக்டரு அப்பவே கண்டு சொன்னாக" என்று அதை அடுத்த வரிசைக்கு அனுப்பினார். அன்று நான் வாயைத் திறந்திருந்தால் சாவு வீட்டில் கைகலப்பு ஆகியிருக்கும். ஒரு மாப்பிள்ளையாகச் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருந்தன. தேங்காய் வாங்கப் போனேன்.

நெருப்பும் அந்தப் பொடியை ஒன்றும் செய்யாது என்று டாக்டரம்மா ஒருமுறை சொல்லியிருந்தார். வீரபாண்டியில் ஆற்றில் சாம்பலைக் கரைத்தபோது, அந்தச் சட்டியில் இன்னும் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான். அத்தனை தண்ணீரில் அது ஒன்றுமே இல்லைதான். மைத்துனனோடு சேர்ந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கவிழ்த்தேன். அவனிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நான்கு வருஷம் கழித்து, எண்பதுகள் முடிகிற சமயத்தில், மதுரையில் எக்ஸ்ரேக்காரர்களுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒருவர் ஸ்லைடு போட்டுப் பேசினார். எக்ஸ்ரே இல்லாமல் பெரிய காந்தத்தைக் கொண்டு உடம்பைப் படம் எடுக்கிற மெஷின் வந்துவிட்டதாம். எங்களில் பாதிப் பேர் ஊரில் வோல்டேஜ் நிற்காமல் தவிக்கிறவர்கள். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஈரலின் படம் ஒன்றைப் போட்டார். அதில் புற்று இருக்கிற இடத்தைப் பிரித்துக் காட்ட ஒரு புதிய மருந்தைச் சோதித்து வருகிறார்களாம். இரும்பின் ஆக்சைடு. ரொம்ப ரொம்ப நுண்ணிய துகள். மேலே சர்க்கரை மாதிரி ஒரு பூச்சு. ரத்தத்தில் ஏற்றினால் நேராக ஈரலில் போய் உட்கார்ந்து, நல்ல சதையை மட்டும் கறுப்பாக்கிக் காட்டும்.

"மிகவும் பாதுகாப்பானது" என்றார்.

எழுந்து நின்றேன். நாற்பது பேருக்கு நடுவில் நான் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"போய் உக்கார்றது சரி சார். எப்ப எந்திரிச்சுப் போகும்?"

சிலர் சிரித்தார்கள். பேச்சாளர் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இரும்பு நம் உடம்புக்குத் தெரிந்த பொருள், ஈரல் அதை மெல்ல மெல்லக் கரைத்து ரத்தத்துக்கே எடுத்துக்கொள்ளும், கதிர் எதுவும் கிடையாது என்று பொறுமையாகச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் பட்டது. அந்த மருந்து நல்ல மருந்தாகவே இருக்கலாம். ஆனால் நான் உட்காரவில்லை.

"முப்பது வருஷம் கழிச்சுப் பாத்தவங்க யாராச்சும் இருக்காகளா சார்?"

"கண்டுபிடிச்சே கொஞ்ச வருஷம்தானே ஆகுது?"

"அப்ப பாதுகாப்புன்னு இன்னும் சொல்லாதீக. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலன்னு சொல்லுங்க."

தலைமை வகித்தவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, நேரமாகிவிட்டது, சாப்பாடு தயாராக இருக்கிறது, மற்ற சந்தேகங்களைத் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்றார். எல்லாரும் எழுந்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியகுளத்துக்காரர், "எதுக்குண்ணே வம்பு? நமக்கு அந்த மெஷினு வரவா போகுது?" என்றார்.

பேச்சாளர் மட்டும் மேடையிலிருந்து இறங்கி என்னைத் தேடி வந்தார். யாருக்கு என்ன ஆனது என்று கேட்டார். கைகழுவுகிற இடத்தில் நின்றபடியே சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறதா, தனக்கு ஒரு நகல் தர முடியுமா, ஸ்லைடு போட உபயோகமாக இருக்கும் என்றார். மாமனாரின் கட்டிலைச் சுற்றிப் படத்தை மட்டும் பார்த்து நின்ற கூட்டம் நினைவுக்கு வந்தது. இல்லை, தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.